மழைக்குள் திறக்கிற பின்கதவு: எங்கள் டிரெய்லரின் கீல் கதை

வீட்டிலேயே செய்த டியர்ட்ராப் டிரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டும் நீர்த்துளி வடிவப் படுக்கை வண்டியை, இழுத்துக்கொண்டு எந்த முகாமில் போய் நின்றாலும், பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவர்கள் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பின்கதவைத் தூக்கினால் உள்ளே சமையல் மேடை, அடுப்பு, தண்ணீர்க் கேன். அதைப் பார்த்ததும் முகம் மலரும். படுக்கை எவ்வளவு நீளம், எடை எவ்வளவு, எந்த வண்டி இழுக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள். கதவின் கீலைப் பற்றி மட்டும் யாரும் கேட்டதில்லை. இந்த வண்டியில் நான் அதிகம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டது அதற்காகத்தான். அதனால் இந்தப் பதிவில் போன இடங்களைவிட அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

1930-களில் அமெரிக்காவில் பரவிய இந்த வடிவத்தில் கூரை முன்னாலிருந்து வளைந்து ஏறி, பின்னால் வளைந்து இறங்கித் தரைக்கு அருகில் முடிகிறது. பின்கதவு என்று நாம் சொல்வது உண்மையில் கூரையின் பின்பாதி. அதாவது, நல்ல கூரை ஒன்றைச் செய்துவிட்டு, அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு வெட்டுகிறோம். அந்தக் கோட்டின் மேல் உட்கார்வதுதான் கீல். வீட்டுக் கதவின் கீலுக்குப் பலம் இருந்தால் போதும். இதற்குப் பலம் இரண்டாவது, தண்ணீர் முதலாவது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது பியானோ கீல். நீளமானது, எளிதில் கிடைக்கிறது, கூரையின் அகலம் முழுக்க ஓடும். ஆனால் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியைச் சுற்றி வரிசையாக நிற்கும் குழல் துண்டுகள்தான் கணுக்கள். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரியும். ஒன்றரை மீட்டர் நீளத்தில் அப்படி எத்தனையோ. அந்த இடுக்குகளில் தண்ணீர் சொட்டுவதற்கு முன் தங்கிக்கொள்ளும். நுண்ணிய இடைவெளி தண்ணீரைத் தானே உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், மழை நின்ற பிறகும் அது மெல்ல மெல்ல மரத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும். பியானோ கீல் போட்டவர்கள் அதன்மேல் ஒரு ரப்பர் பட்டையை ஒட்டி மறைப்பார்கள். முன்விளிம்பைக் கூரையோடு ஒட்டிவிட்டு, பின்விளிம்பைக் கதவின் மேல் சும்மா படிய விடுவார்கள். அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வெயிலில் ரப்பர் இறுகி விளிம்பு மேலே சுருளத் தொடங்கினால் மாற்ற வேண்டும்.

நான் எடுத்தது, டிரெய்லர் செய்பவர்கள் ஹரிகேன் கீல் என்று சொல்லும் வகை. இரண்டு அலுமினியப் பட்டைகள், இரண்டும் கதவின் அகலம் முழுக்க நீள்பவை. ஒன்றின் விளிம்பு கொக்கி போல வளைந்திருக்கும், மற்றதன் விளிம்பு அந்தக் கொக்கிக்குள் உருளும். நடுவில் ஊசி இல்லை, கணு இல்லை, இடைவெளியும் இல்லை. பக்கவாட்டில் செருகினால் மட்டுமே ஒன்றுக்குள் ஒன்று போகும். மேலே இழுத்தால் வராது.

எந்தப் பாதியைக் கூரையில் வைப்பது, எதைக் கதவில் வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. கருத்தை நம்பாமல் தண்ணீரிடமே கேட்டேன். மீதியிருந்த பலகைத் துண்டு ஒன்றில் கீலின் ஒரு சாண் நீளத்தைப் பொருத்தி, சரிவாகச் சாய்த்து, மேலிருந்து குவளையால் ஊற்றினேன். அடியில் ஒரு பழைய செய்தித்தாள். ஒரு பக்கம் வைத்தபோது தண்ணீர் உருளையின் முதுகில் ஏறி வழுக்கிக்கொண்டு ஓடியது. திருப்பி வைத்தபோது அதே தண்ணீர் கொக்கியின் வாயில் ஒரு கண்ணாடிக் கோடாக நின்றது, தாளின் நடுவில் ஒரு ஈரப்புள்ளி விரிந்தது. அதற்குப் பிறகு யோசிக்க வேலையே இல்லை. உங்களிடம் இருக்கும் கீலின் வளைவு சற்று வேறாக இருக்கலாம், ஆகவே ஊற்றிப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, கீல் உட்காரும் குறுக்குச் சட்டம். மெல்லிய ப்ளைவுட் கூரையில் திருகு பிடிக்காது. அடியில் கெட்டியான ஒரு சட்டம் கூரையிலும், இன்னொன்று கதவிலும் வேண்டும். இரண்டின் மேல்முகமும் நேர்கோடாக இருக்க வேண்டும். நடுவில் சற்றே மேடாக இருந்தாலும் இந்தக் கீல் உருளாமல் பிடித்துக்கொள்ளும். பூச்சி அரிக்காமலிருக்கத் தாமிர மருந்து ஏற்றிய மரத்தை இங்கே போடாதீர்கள். அந்தத் தாமிரம் ஈரம் பட்டால் அலுமினியத்தை அரித்துவிடும்.

பொருத்துகிற நாளில் அண்ணனைக் கூப்பிட்டிருந்தேன். இரண்டு பாதிகளையும் முதலில் ஒன்றுக்குள் ஒன்று செருகிவிட்டுத்தான் வண்டியின் மேல் வைக்க வேண்டும். தனித்தனியாகத் திருகிவிட்டால், பிறகு செருகக் கதவையே பக்கவாட்டில் முழு அகலத்துக்கும் நகர்த்த வேண்டி வரும்.

"அண்ணா, இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க."

"தூக்கிட்டுத்தான்டா இருக்கேன். நீ கோட்டைப் பாரு."

கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவின் இரு பக்கமும் சுவரோடு ஒரே இடைவெளியில் நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு திருகு மட்டும் போட்டு, கதவை மேலே கீழே ஆட்டிப் பார்த்து, பிறகுதான் மற்றத் திருகுகள். துளைகளை அலுமினியத்தில் திருகின் தண்டைவிட ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டேன். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் 0.023 மி.மீ. நீளும். ஒன்றரை மீட்டர்க் கீல், குளிர்ந்த இரவுக்கும் கொதிக்கும் மதியத்துக்கும் இடையே 40 டிகிரி வித்தியாசத்தைப் பார்த்தால் கிட்டத்தட்ட 1.4 மி.மீ. நீண்டு சுருங்கும். மரம் அவ்வளவு நீளாது. துளை இறுக்கமாக இருந்தால் அந்த இழுபறி முழுவதும் திருகின் மேல்தான்.

பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப், தண்ணீர் புகாமல் ஒட்டும் மெத்தென்ற ரப்பர் நாடா. சிலிகான் பசை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சிலிகான் ஒருமுறை பட்ட இடத்தில் பெயின்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது, பின்னாளில் பிரித்துச் சரிசெய்வது பெரும்பாடு. பியூட்டைல் காயாது, வளைந்துகொடுக்கும். ஒவ்வொரு ஸ்டெயின்லெஸ் திருகின் கழுத்திலும் அதில் ஒரு சிறு நூலைச் சுற்றி இறக்கினேன். திருகு இறுகும்போது பட்டையின் விளிம்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு பிதுங்கி வரும். எங்கே பிதுங்கவில்லையோ அங்கே தண்ணீர் நுழையும். ஒரே மூச்சில் இறுக்கிவிடாமல், அடுத்த நாள் வந்து இன்னொரு சுற்று இறுக்கினோம். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் துண்டால் வழித்து எடுத்தோம்.

பயணத்தில் இதற்கு உண்மையான சோதனை ஒரு மலைப்பாதையில் வந்தது. மதியம் தொடங்கிய மழை இருட்டின பிறகும் விடவில்லை. வண்டியை நிறுத்தியதும் எல்லோருக்கும் பசி, கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். கதவு மூடியிருக்கும்போது கீலின் மேல் விழும் தண்ணீர் பின்னால் ஓடிவிடும். திறந்து படுக்கைவாட்டத்துக்கு மேலே தூக்கினால், கதவின் மேல் விழும் மழை முழுவதும் திரும்பிக் கீலை நோக்கித்தான் ஓடி வரும். கூரையும் கதவும் சேர்கிற இடம் ஒரு வாய்க்காலாகிவிடும். அன்று டார்ச் அடித்துப் பார்த்தேன். வாய்க்கால் நிறைந்து, இரண்டு ஓரங்களிலும் தண்ணீர் கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே குறுக்குச் சட்டத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலால் தடவினேன். மரம் உலர்ந்திருந்தது. மனம் நிறைந்துபோனது. அந்த ஓரங்களை எதையும் வைத்து அடைத்துவிடக் கூடாது என்பதும் அப்போது கண்ணால் தெரிந்தது. தண்ணீர் போக வழி அது ஒன்றுதான்.

மண்சாலையில் சிக்கல் வேறு. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், கிளம்பும் புழுதி திரும்பி வந்து பின்கதவின் இடுக்குகளைத்தான் தேடும். கீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பக்க விளிம்புகளில் குழல் வடிவ ரப்பர் பீடிங் இல்லாவிட்டால் பாத்திரங்களின் மேல் மாவு சலித்ததுபோல் புழுதி படியும். கீலுக்கு எண்ணெய் போடாதீர்கள், புழுதி அதில் ஒட்டி அரைக்கத் தொடங்கும். உலர்ந்த சிலிகான் ஸ்ப்ரே போதும்.

இன்னொன்று, குலுங்கக் குலுங்க இரண்டு பாதிகளும் பக்கவாட்டில் நழுவும். ஒரு முனையில் இரண்டையும் சேர்த்துத் துளைக்காமல், கொக்கியின் வாய்க்கு வெளியே தடையாக ஒரு சிறு திருகு போட்டிருக்கிறேன். கதவு சுழலும், அந்தப் பக்கம் நகராது.

கதவைத் தூக்கிப் பிடிக்க இரு பக்கமும் மாட்டும், அழுத்திய வாயு அடைத்த தண்டுகளான கேஸ் ஸ்ட்ரட்டுகளையும் கீலோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும். எங்கள் கதவு 20 கிலோ, அதன் எடைமையம் கீலிலிருந்து 80 செ.மீ. திறந்த நிலையில் கீலைச் சுற்றி 157 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. ஸ்ட்ரட் தள்ளும் கோடு கீலிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருப்பதால், இரண்டும் சேர்ந்து சுமார் 630 நியூட்டன் தர வேண்டும். ஒவ்வொன்றும் 350 நியூட்டன் வாங்கினேன். கதவு மூடியிருக்கும்போது அந்த 700 நியூட்டனில் பெரும்பகுதி கீலின் திருகுகள் மேல்தான் விழுகிறது. ஏறத்தாழ 70 கிலோ ஆள் இரவும் பகலும் தொங்குவதற்குச் சமம். குறுக்குச் சட்டம் ஏன் கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், உள்ளிருக்கும் எண்ணெய், வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை நனைத்துக்கொண்டே இருக்கும்.

உறைபனி விழுந்த ஒரு விடியலில் கதவு வழக்கத்தைவிடச் சோம்பலாக எழுந்தது. 20 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கினால் ஸ்ட்ரட்டின் விசை 7 சதவீதம் போல் குறையும். 350 என்பது 326 ஆகும், ஒவ்வொரு ஸ்ட்ரட்டிடமிருந்தும் கதவுக்குத் தேவை 314. நின்றது, ஆனால் காற்று ஒரு தட்டுத் தட்டினால் தலையில் இறங்கும் நிலை. அதிலிருந்து குளிர்ப் பிரதேசத்துக்குப் போகும்போது முட்டுக்கொடுக்க ஒரு கம்பு வண்டியில் இருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்கும் முன் அதை மாட்டிவிடுவோம்.