கலை முகாம் வீடியோ: முதலில் பறை, அப்புறம் டிரோன்

ஏப்ரல் வந்தால் கோடை முகாம் வீடியோக்கள் வரிசைகட்டும். பாதிக்கு மேல் ஒரே அச்சு: டிரோனில் மைதானம், சுழலும் லோகோ, "அன்பார்ந்த பெற்றோர்களே" என்றொரு குரல். அதற்குள் பார்ப்பவரின் விரல் அடுத்த வீடியோவுக்குப் போயிருக்கும். பறையும் தெருக்கூத்தும் சொல்லித் தருகிற முகாமுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கையிலேயே இருக்கிறது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு பறையடி. உடனே, அடித்த பிள்ளையின் முகம். லோகோ கடைசியில் வந்தால் போதும்.

ஆகவே எடிட் ஒலியில் தொடங்க வேண்டும். 60 நொடி வீடியோவுக்குப் பிள்ளைகள் தடுமாறாமல் வாசித்த 40 நொடியைத் தேர்ந்தெடுத்து எடிட் மென்பொருளின் டைம்லைனில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டை) போடுங்கள். அடி விழும் இடமெல்லாம் மார்க்கர் வைத்து, அதன்மேல் படத்தை அடுக்குங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூபில் காப்புரிமைக் கோரிக்கை வரும் என்பது ஒருபுறம். தாளம் சொல்லித் தருகிற இடத்துக்கு இரவல் தாளம் எதற்கு?

பறை லேசில் மைக்குக்கு அடங்காது. அடி திடீரென எகிறும்போது போனின் தானியங்கி லெவல் அதை அமுக்கிவிட்டு, இடைவெளியில் மின்விசிறி இரைச்சலைத் தூக்கிக் காட்டும். தனி ரெக்கார்டர் வைத்து, மிக உரத்த அடியும் −12 டெசிபலைத் தாண்டாதபடி லெவலைக் குறையுங்கள். அனலில் காய்ச்சியதும் எடுத்த துண்டையும், தோல் தளர்ந்தபின் எடுத்ததையும் ஒட்டாதீர்கள். சுருதி மாறுவது காதில் இடறும்.

தூரமும் ஏமாற்றும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 20 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 58 மில்லிநொடித் தாமதம், நொடிக்கு 30 பிரேம் (படச்சட்டம்) ஓடும் டைம்லைனில் கிட்டத்தட்ட இரண்டு பிரேம். குச்சி தோலில் பட்டு, பிறகு சத்தம் வரும். ஒலி இரண்டு பிரேம் முன்கூட்டியே வரும்படி நகர்த்தினால் சரியாகிவிடும்.

போன்கள் பெரும்பாலும் பிரேம் வேகத்தைச் சீராக வைத்துக்கொள்வதில்லை. அப்படியே எடிட்டில் போட்டால் நீளமான பேட்டியில் உதடும் பேச்சும் விலகிப்போகும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 30 பிரேமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 25-க்கு இறக்கினால் ஆறில் ஒரு பிரேம் காணாமல் போய், கூத்தில் வேகமாகச் சுழன்று ஆடும்போது படம் திக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் 1/50 அல்லது 1/100. இல்லாவிட்டால் பட்டை பட்டையாக ஓடுவதை எடிட்டில் துடைப்பது பெரும்பாடு.

முகாமின் சிறந்த காட்சி அரிதாரம் பூசுவதுதான். போனை ஸ்டாண்டில் நிறுத்தி, எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் முகத்தில் சிவப்பு ஏற ஏறப் பின்சுவரின் நிறமும் மாறும். வெறும் முகம், பாதி வேடம், முழு வேடம், கிரீடம்: ஒரே சட்டகத்தில் நாலு நொடி. குரல்விளக்கம் தேவையில்லை.

தமிழ் எழுத்து தனித் தலைவலி. 'கொ'வின் கொம்பு இடம் மாறி நின்றால், பிரீமியர் எடிட் மென்பொருளின் பழைய பதிப்புகளில் கிராபிக்ஸ் அமைப்பில் 'சவுத் ஏசியன்' எஞ்சினைத் தேர்ந்து எழுத்தைப் புதிதாக இடுங்கள். அச்சகத்திலிருந்து பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்த வாசகம் யூனிகோட் எழுத்துருவில் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியபின் ஒற்றெழுத்துகளைச் சரிபாருங்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்துவந்து வையுங்கள். தேதி, வயது, கட்டணம், தொலைபேசி எண் நாலும் கடைசி ஐந்து நொடி அசையாமல் நிற்கட்டும். திரையின் கீழ்க் கால்பகுதியில் வேண்டாம். ரீல்ஸின் பெயரும் பொத்தான்களும் அங்கேதான் உட்காரும்.

ஏற்றுமதி: 1080×1920, எச்.264, 10 எம்பிபிஎஸ். ஒலி −14 எல்யூஎஃப்எஸ் (சராசரி உரப்பின் அளவு), உச்சம் −1 டெசிபல். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 75 எம்பி. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுங்கும். மற்ற ஒருங்கிணைப்பாளர்களுக்கு 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

பெற்றோர் ஒப்புதலை எடிட்டுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான். ஒப்புதல் தராத பிள்ளை இருக்கும் துண்டுகளுக்கு முதல் நாளே எடிட்டில் சிவப்பு நிற அடையாளம் கொடுத்து ஒதுக்குங்கள். குழு அடவில் ஒரே ஒரு முகத்தை மங்கலாக்கினால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும்.