பழுது என்ற ஒரே சொல்

திருகோணமலைக் கரையில் மீனும் பழுதாகும், எஞ்சினும் பழுதாகும். ஐஸ் காணாத சூரைக்கும் நடுக்கடலில் நின்றுபோன அவுட்போர்ட்டுக்கும் (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) சொல் ஒன்றுதான். பழைய சொல். 639ஆம் குறளில் 'பழுதெண்ணும் மந்திரி' வருகிறான். அங்கே பழுதுக்குக் கேடு என்று பொருள். பயனற்றது, பொய் என்றும் பொருள் உண்டு. பழுதுபார்த்தல் என்பதில் உள்ள 'பார்', வைத்தியம் பார்ப்பதில் உள்ள அதே 'பார்'.

"அண்ணே, எஞ்சின் பழுதாப் போயிட்டு" என்று வருகிறவரிடம் நோயைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். விடியக் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது பெரும்பாலும் பழுதே இல்லை. மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் எழுப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துமுன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். மறந்தால், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், குளிரில் அது ஆவியாகாது. காபரேற்றரின் கிண்ணத்தை வடித்து, பொறி தரும் பிளக்கைத் துடைத்தால் போதும்.

ஸ்டார்ட் கயிற்றை இழுக்கவே முடியவில்லை என்றால் அதற்குத் தனிச் சொல்: சீஸ். இங்கிலீஷில் பிடித்துக்கொள்வது, பாணுக்குப் பூசுகிற சீஸ் வேறு. பிஸ்டன் சூட்டில் வீங்கி, ஒயில் படலம் அறுந்து, சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொள்கிறது. ஒரு காரணம் எரிபொருளில் கலக்கும் ஒயில் குறைவு. எரிபொருள் 50க்கு ஒயில் 1 கேட்கிற எஞ்சினுக்கு லீற்றருக்கு 20 மில்லி லீற்றர். கண்ணளவில் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். கவ்வியபின் பலத்தோடு இழுக்கக் கூடாது. ஆறவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, துளையில் கொஞ்சம் ஒயில் விட்டு, ஃபிளைவீல் சக்கரத்தைக் கையால் மெல்ல அசைக்க வேண்டும். அசைந்தாலும் கரைக்கு வந்ததும் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

மற்றக் காரணம், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடாதது. அதனால்தான் பட்டறையில் முதல் கேள்வியே "தண்ணி அடிச்சதா?" எஞ்சினின் பக்கத்துத் துளையால் பீச்சும் தண்ணீர் மெலிந்தாலே நிறுத்திவிட வேண்டும். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவின் ஆழமில்லாத பக்கங்களில் சேறும் மணலும் தண்ணீர்ப் பம்புக்குள் ஏறி, தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரின் றப்பர் இலைகளைத் தின்றுவிடும். கரையில் தண்ணீரில்லாமல் ஓடவிட்டுப் பார்ப்பதும் அதே வேலையைச் செய்யும், இன்னும் விரைவாக. கழற்றினால் இலைகளை எண்ண வேண்டும். ஆறில் நாலுதான் இருக்கிறது என்றால் மற்ற இரண்டும் மேலே தண்ணீர்ப் பாதையில் சிக்கியிருக்கும். அவற்றை எடுக்காமல் மூடினால், புது இம்பெல்லரோடும் அடுத்த கிழமை அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்.