வந்தது, வந்தாள்

முதல் அத்தியாயத்தில் அந்த இயந்திரத் தாதி கதவைத் திறந்துகொண்டு வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் வந்தாள். ஐந்தில் மறுபடியும் வந்தது. ஏழாம் அத்தியாயத்தில் ஒரே பத்தி 'அது சிரித்தது' என்று தொடங்கி 'அவள் போர்வையை இழுத்துவிட்டாள்' என்று முடிந்திருந்தது. நான் ஓரத்தில் குறிப்பு எழுதினேன்: "சீர்மை இல்லை. ஏதாவது ஒன்றை முடிவு செய்யவும்."

அந்தக் குறிப்பை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் இந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும்.

ஒரு வார இதழில் 11 வருடம் மெய்ப்புப் பார்த்தேன். அங்கே ஒரு கதை என் மேசைக்கு வருவதற்குள் உதவி ஆசிரியர் அதில் பாதியை வெட்டியிருப்பார். லேஅவுட்காரர் 'பக்கத்தில் அடங்கல' என்று இன்னும் நாலு வரியைத் தின்றிருப்பார். எனக்கு மிஞ்சுவது ஒற்றும் கொம்பும் காலும்தான். கதை சரியா, தப்பா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இதழை விட்டு வந்த பிறகு, சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்களுக்குத் திருத்தம் பார்க்க ஆரம்பித்தேன். 2016 கடைசியில் கிண்டிலில் தமிழ் வந்ததும் இந்தக் கூட்டம் பெருகிவிட்டது. பதிப்பாளர் வாசலில் காத்திருக்க வேண்டாம், ராத்திரி ஃபைலை ஏற்றினால் ஓரிரு நாளில் புத்தகம் கடைக்கு வந்துவிடும்.

என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலும் அறிவியல் புனைகதைக்காரர்களும் மாயாஜாலக் கதைக்காரர்களும்தான். ஒருவர் வாட்ஸப்பில் இன்னொருவருக்கு என் நம்பரைக் கொடுத்து, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, அப்படியே சங்கிலியாகிவிட்டது. ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் வங்கியில் வேலை, ஒரு பெண் அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தாள். எல்லோருக்கும் பொதுவான ஒரு விஷயம், அதுவரை அவர்கள் எழுத்தில் யாரும் கை வைத்ததில்லை. அதனால் முதல் திருத்தம் போனதும் ஒரு மௌனம் வரும். மூன்று நாள் ஃபோன் எடுக்க மாட்டார்கள். நாலாம் நாள், "அக்கா, யோசிச்சுப் பாத்தேன்..." என்று ஆரம்பிப்பார்கள். கார்த்திகை மாதத்தில் மட்டும் இந்த மௌனத்துக்கு நேரம் இருக்காது. சென்னைப் புத்தகக் காட்சிக்குள் அச்சுப் பிரதி வேண்டும் என்று எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து நிற்பார்கள்.

பிழைகளைப் பற்றிச் சொன்னால் முடியாது. சோழர் காலத்தில் நடக்கும் ஒரு மாயக் கதையில் அரண்மனைச் சமையல்காரி மிளகாய் வறுத்தாள், நெடியில் மந்திரவாதி தும்மினான். மிளகாய் போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் இங்கே வந்தது. மிளகு வறுக்கட்டும் என்றேன். "கற்பனைக் கதைதானே அக்கா, பறக்கிற யானையே வருது" என்றார் எழுதியவர். பறக்கிற யானையை நீங்கள் சொல்லிவிட்டுக் கொண்டுவந்தீர்கள், மிளகாய் சொல்லாமல் நுழைந்துவிட்டது என்றேன். ஒத்துக்கொண்டார். இன்னொரு கதையில் நள்ளிரவில் உச்சி வானத்தில் மூன்றாம் பிறை. மூன்றாம் பிறை சூரியன் விழுந்த கையோடு மேற்கே கொஞ்ச நேரம் தெரிந்துவிட்டுப் போய்விடும். நள்ளிரவில் அதைத் தலைக்கு மேல் நிறுத்த வேண்டுமென்றால் அந்த உலகத்துக்கு வேறு நிலா வேண்டும். அந்த எழுத்தாளர் அடுத்த வாரமே இரண்டு நிலா உள்ள உலகமாக மாற்றி அனுப்பினார். எனக்கு வேலை இரட்டித்தது.

முதலில் சொன்ன இயந்திரத் தாதிக் கதை அந்தச் சங்கிலியில் வந்த ஒரு பையனுடையது. பையன் என்றா சொன்னேன், முப்பது தாண்டியவர். தென்காசிப் பக்கம் ஊர், பெங்களூரில் வேலை. இரவு 11 மணிக்கு மேல்தான் எழுத உட்காருவார். கதை செவ்வாயில் ஒரு குடியிருப்பில் நடக்கிறது. அம்மா அங்கே டாக்டர், மகளுக்கு ஆறு வயது, அப்பா பூமியில். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு இயந்திரத் தாதி.

முதல் பிரதியில் அம்மாவும் அப்பாவும் தினமும் ஃபோனில் பேசிக்கொண்டார்கள். "ஹலோ." "சொல்லு." "பாப்பாவுக்குக் காய்ச்சல்." "எத்தனை டிகிரி?" இது நடக்காது. செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே ஒளி போகவே, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, சுமார் 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். தூரமாக இருக்கும் காலத்தில் நீங்கள் 'ஹலோ' சொல்லிவிட்டு 'சொல்லு' கேட்க முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. முழு நாவலிலும் பதினாலு ஃபோன் பேச்சு இருந்தது.

ஒன்றரை மாதம் சத்தமே இல்லை. பிறகு வந்த பிரதியில் ஃபோன் பேச்சு ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில் ஆளுக்கொரு பக்கமாகப் பதிவு செய்து அனுப்பும் செய்திகள். ஒரு சண்டை வருகிறது. அம்மா கோபத்தில் ஒன்று சொல்லி அனுப்பிவிட்டு, பத்து நிமிடம் கழித்து மனசு கேட்காமல் மன்னிப்பும் அனுப்பிவிடுகிறாள். அங்கே அப்பாவுக்கு முதலில் கோபம்தான் கிடைக்கிறது. அவர் அதைவிடக் கடுமையாகப் பதில் அனுப்பிய பிறகுதான் மன்னிப்பு போய்ச் சேருகிறது. இப்போது அவர் மன்னிப்பு அனுப்ப வேண்டும். ஆனால் அவருடைய கடுமை ஏற்கெனவே கிளம்பிவிட்டது, திருப்பிக் கூப்பிட முடியாது. அது பயணத்தில் இருக்கும் 20 நிமிடத்தை அவர் சமையலறையில் நின்றபடி கழிப்பதுதான் அந்த அத்தியாயம். நான் திருத்தம் பார்ப்பதை விட்டுவிட்டு வாசகியாகப் படித்தேன். முதல் பிரதியில் இந்த அத்தியாயமே கிடையாது. ஒரு பிழையைச் சரிசெய்யப் போன இடத்தில்தான் பிறந்தது.

இதனால் எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பிழை பிடித்தால் கதை வளரும், அதிகம் பிடித்தால் அதிகம் வளரும் என்று. அந்த உற்சாகத்தில்தான் 'அது', 'அவள்' பக்கம் திரும்பினேன்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு இந்தத் தொல்லை பாதிதான். பெயரைச் சொல்லி 'வந்தான்' என்றாலும் 'வந்தது' என்றாலும் அங்கே வினைச்சொல் ஒன்றேதான். தமிழில் வாயைத் திறந்த முதல் வாக்கியத்திலேயே வினைமுற்று கேட்டுவிடும், இது ஆளா, பொருளா என்று. தொல்காப்பியத்தில் சொல்லதிகாரம் தொடங்குவதே மக்கள் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்ற பிரிவினையில்தான். ஆக, பேசுகிற இயந்திரம் ஒன்றைத் தமிழில் எழுதினால் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு தீர்ப்பு சொல்லியாக வேண்டும்.

அவர் என் குறிப்பைப் பார்த்துவிட்டு, "நீங்களே முடிவு பண்ணிடுங்க அக்கா" என்றார். நான் 'அவள்' என்று முடிவு செய்தேன். அதோடு நிற்காமல் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று 'அது' வரும் இடத்திலெல்லாம் 'அவள்' போடும்படி கணினிக்கு ஒரே கட்டளையாகக் கொடுத்தேன். 11 வருட அனுபவம் உள்ளவள் செய்கிற காரியமா இது? 'அதுவரை' எல்லாம் 'அவள்வரை' ஆயிற்று. 'அதுபோல' என்பது 'அவள்போல' ஆகி, படிக்க நன்றாகவே இருந்ததுதான் கொடுமை, பிழை என்று கண்ணில் படவே இல்லை. ஓரிடத்தில் ஆக்சிஜன் உருளையைப் பற்றி 'அவள் காலியாகிவிட்டது' என்று வந்திருந்தது. வினைமுற்றுகளையோ கணினியால் தொடவே முடியாது. அதற்கு மூன்று நாள் உட்கார்ந்து கையால் மாற்றினேன். வந்தது, வந்தாள். சொன்னது, சொன்னாள். முடித்து அனுப்பியபோது ஃபைல் பார்க்கப் பளிச்சென்று இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஃபோன் செய்தார். "அக்கா, எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா கதை செத்துப்போச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள்தானே முடிவு பண்ணச் சொன்னீர்கள் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு வேறு ஏதோ பேசினார். ஊரில் வீட்டில் மாடு இருந்ததாம். மாடு மேய்ச்சலிலிருந்து திரும்பும் நேரத்துக்கு அவர் அம்மா திண்ணையில் உட்கார்ந்து, "லட்சுமி வந்துட்டாளா?" என்று கேட்பாராம். அப்பா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அப்பாவுக்கு அது மாடு, "வந்துருச்சு" என்பார். "எழுதுறப்ப எனக்கே தெரியலக்கா. பாப்பா பார்க்கிற இடத்தில எல்லாம் 'அவள்'னு வந்திருக்கு. அம்மா பார்க்கிற இடத்தில எல்லாம் 'அது'."

பழைய பிரதியைத் திறந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. ஏழாம் அத்தியாயத்தில் 'அது சிரித்தது' என்ற வரி, அம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்க்கும்போது. 'அவள் போர்வையை இழுத்துவிட்டாள்' என்பது, அம்மா போன பிறகு, குழந்தை அரைக்கண்ணால் பார்க்கும்போது. நான் பார்த்தது திணையை மட்டும்தான். யாருடைய கண் என்று பார்க்கவில்லை.

இதில் வேடிக்கை, இதற்கு இலக்கணத்திலேயே பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது. உவப்பினால் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று சொன்னால் அது வழு அல்ல, காரணம் கருதி இலக்கணமே ஏற்றுக்கொள்ளும் திணை வழுவமைதி. தேர்வுக்கு மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வழுவைக் கண்டுபிடிக்க என் கைக்குப் பழக்கம் இருந்தது. வழுவமைதி என்று ஒன்று இருப்பதே 11 வருடத்தில் மறந்துபோயிருந்தது.

அதற்கப்புறம் இந்தத் துறையில் மற்றவர்கள் எப்படித் திருத்துகிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வெயர், செவ்வாயில் நடக்கும் 'தி மார்ஷியன்' நாவலை முதலில் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். வேதியியலிலும் கணக்கிலும் உள்ள தவறுகளை வாசகர்களே எழுதிச் சொல்ல, திருத்திக்கொண்டே போனார். 2011இல் கிண்டிலில் 99 சென்ட்டுக்குப் போட்டார், 2014இல் பெரிய பதிப்பகம் அச்சிட்டது. இவ்வளவு திருத்தியவர் ஒரு பெரிய பிழையை மட்டும் தெரிந்தே விட்டுவிட்டார், கதையைத் தொடங்கிவைக்கும் புழுதிப் புயலை. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியுடையதில் ஒரு சதவீதம்கூட இல்லை, அங்கே எவ்வளவு வேகமாகப் புழுதிப் புயல் அடித்தாலும் விண்கலத்தைச் சாய்க்காது. ஆனால் அவர் கதையில் முதல் அடியை இயற்கைதான் அடிக்க வேண்டியிருந்தது. அதனால் புயல் அப்படியே இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அதுவும் ஒரு வழுவமைதிதான். மிளகாய் விஷயத்தில் நான் அப்படி விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

எல்லாவற்றுக்கும் வழுவமைதி என்று பெயர் வைத்துத் தப்பிக்கிறவர்களும் உண்டு. வங்கிக்காரர் அதில் கில்லாடி. அவருக்கு இன்னொரு நோயும் இருந்தது. மின்னூலை வெளியிட்ட பிறகும் ஃபைலை மாற்றி ஏற்றலாம் என்று தெரிந்ததிலிருந்து அவர் தூங்கவே இல்லை. ஒரு வாசகர் நாயகி செத்தது பிடிக்கவில்லை என்றார், உடனே பிழைக்க வைத்தார். இன்னொருவர் முடிவு சினிமாத்தனமாக இருக்கிறது என்றார், திரும்பக் கொன்றார். இரண்டு வாசகர்கள் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு அவள் இருக்கிறாளா இல்லையா என்று சண்டை போட்டார்கள், இருவர் சொன்னதும் சரி. ஆறாவது முறை எனக்கு அனுப்பியபோது, அச்சில் 100 பிரதி போட்டுவிடுங்கள், அப்போதுதான் நிற்பீர்கள் என்றேன். போட்டார், நின்றார்.

தென்காசித் தம்பியின் நாவலுக்கு வருகிறேன். பழைய 'அது'க்களை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தோம். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஒவ்வொரு இடத்திலும் யார் பார்க்கிறார்கள் என்று அவர் சொல்ல வேண்டும், நான் குறித்துக்கொள்வேன். ஏழெட்டு இடத்தில் அவருக்கே பதில் தெரியவில்லை. அந்தப் பத்திகளை நீக்கிவிட்டார். சிக்கல் கடைசி அத்தியாயத்தில்தான் வந்தது. குடியிருப்பு நிர்வாகம் பழைய இயந்திரங்களை உதிரிப் பாகங்களுக்காகப் பிரிக்க உத்தரவிடுகிறது. மகள் வளர்ந்து வெளியே படிக்கப் போய்விட்டாள். வீட்டில் அம்மா மட்டும். கதை முழுக்க 'அது' என்றே சொல்லி வந்த அம்மா. தாதி கதவருகே நிற்கிறது, ஆட்கள் வருகிறார்கள். நின்றதா, நின்றாளா?

முதலில் 'கதவருகே நிற்கக் கண்டாள்' என்று எழுதி அனுப்பினார். அந்த 'நிற்க'வில் திணையும் இல்லை, பாலும் இல்லை. கெட்டிக்காரத்தனம்தான். "நழுவாதீங்க தம்பி" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். மறுபடி நாலு நாள் மௌனம்.

அச்சகத்திலிருந்து கடைசி மெய்ப்பு மார்கழியில் வந்தது, காகிதத்தில். அங்கே ஒரு பெரியவர் பார்த்திருந்தார், மிகச் சுத்தமான கை, என் காலத்துப் பயிற்சி. ஆட்கள் வருகிறார்கள், அது நின்றது, அதைக் கொண்டுபோனார்கள். அம்மா குளிர்ந்துபோன டீயை எடுத்துக்கொண்டு வருகிறாள், கதவருகே பார்க்கிறாள். பக்கத்தின் கடைசி வரி: 'அவள் எங்கே?' பெரியவர் 'அவள்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: "அம்மா எப்போதும் 'அது' என்றே சொல்கிறார். சீர்மை பார்க்கவும்."

அந்தச் சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தேன். பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதி அடுத்த தாளைத் திருப்பினேன்.