வெப்பமானி முள் ஏறியது ஏன்: ரேடியேட்டரைக் கழுவிய அனுபவம்

என் காரின் வெப்பமானி முள் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே அசையாமல் நிற்பதையே ஏழு ஆண்டுகளாகப் பார்த்துப் பழகியிருந்தேன். அதனால், ஏற்றமான சாலை ஒன்றில் ஏசியோடு போய்க்கொண்டிருந்தபோது அது கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே ஏறியதைக் கண்டதும் கால் தானாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து விலகிவிட்டது. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி வைத்தேன். ஹீட்டரும் எஞ்சினின் சூட்டை வெளியே இழுக்கும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான் என்பதால், வியர்வையில் நனைந்தபடி ஓட்டினாலும் வண்டி கொதிக்காமல் வீடு வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை எஞ்சின் முழுவதும் ஆறியிருந்தபோது பானெட்டைத் திறந்தேன். ரிசர்வ் டேங்கில் கூலண்டின், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின், மட்டம் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே இருந்தது. நான்கு ஆண்டுகளாகக் கூலண்டை மாற்றவே இல்லை. மட்டம் இறங்கும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளித்தவன் நான்தான். குழாய்த் தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூட்டில் படிந்து, ரேடியேட்டரின் தட்டையான குறுகிய குழாய்களுக்குள் ஓடு போல ஒட்டிக்கொள்ளும் என்பதும், ஊற்ற ஊற்றக் கூலண்டிலுள்ள துருத்தடுப்பு மருந்து நீர்த்துப்போகும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. சோம்பல், வேறொன்றுமில்லை.

ரேடியேட்டர் மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஓடும் எஞ்சினில் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தை அந்த மூடி தாங்கிப் பிடிப்பதால்தான் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது திறந்தால் அந்த நீர் நொடியில் ஆவியாகி முகத்தில் பீறிடும். என் மூடியின் ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தது, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மட்டம் ஏன் மாதாமாதம் இறங்கியது என்பதற்கு அங்கேயே பாதி விடை கிடைத்தது. மூடியைப் புதிதாக மாற்றினேன்.

கீழேயுள்ள வடிகால் திருகு பிளாஸ்டிக் என்பதால் இடுக்கியைத் தொடாமல் கையாலேயே தளர்த்தினேன். ஒரு காலத்தில் பச்சையாக இருந்த திரவம் செங்கல்லைக் கரைத்த நிறத்தில் வந்தது. பத்து நிமிடம் தொட்டியில் விட்டதும் அடியில் மாவு போன்ற பழுப்புத் துரு படிந்தது. எண்ணெய்ப் படலம் ஏதும் மிதக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகே நிம்மதி வந்தது, ஏனெனில் அப்படி மிதந்திருந்தால் எஞ்சினுக்குள் எண்ணெயும் கூலண்டும் கலக்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் வரை சந்தேகப்பட வேண்டியிருக்கும். கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு, நாயும் பூனையும் விரும்பி நக்கிவிடும். ஆகையால் வடித்ததை மூடியுள்ள கேன்களில் சேர்த்து, கழிவுத் திரவங்களை வாங்கிக்கொள்ளும் பணிமனையில் ஒப்படைத்தேன்.

அதன் பின் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து மேல் ஹோஸ் சூடேறும் வரை எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு வடித்தேன். இப்படி நான்கு முறை. ஆறுவதற்கே பொழுது போய்விட்டது என்றாலும் நான்காவது முறை நீர் கண்ணாடி போல வந்தது. வினிகர் ஊற்றச் சொன்னவர்கள் உண்டு. அலுமினியத்தை அமிலத்திடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

புதிய கூலண்டை நிறம் பார்த்து வாங்கக் கூடாது. நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. வண்டியின் கையேட்டில் குறித்துள்ள வகையையே வாங்க வேண்டும், ஏனெனில் பொருந்தாத இரு வகைகள் கலந்தால் துருத்தடுப்பு கெடும், சில வேளை கூழாகவும் உறையும். அடர்கூலண்டும் நீரும் சரிபாதி என்பது வழக்கமான அளவு. அடர்கூலண்டை மட்டும் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பது தவறு, அது தண்ணீரைவிடக் குறைவாகவே சூட்டைச் சுமக்கும். எவ்வளவு வடித்தாலும் எஞ்சினுக்குள் கொஞ்சம் நீர் தங்கிவிடுகிறது என்பதால், மொத்தக் கொள்ளளவான 5 லிட்டரில் பாதியாகிய 2.5 லிட்டர் அடர்கூலண்டை முதலில் ஊற்றிவிட்டு, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்பினேன். ஹோஸை அழுத்தி அழுத்தி விட்டதும் குமிழிகள் வெளியேறி மட்டம் இரண்டு முறை இறங்கியது. ஏர் லாக், அதாவது உள்ளே சிக்கிய காற்று, எதுவும் மிஞ்சவில்லை.

அடுத்த வாரம் அதே ஏற்றத்தில் ஏறிப் பார்த்தேன். ஏசி இல்லாமல் முள் அசையவில்லை. ஏசியைப் போட்ட சில நிமிடங்களில் மீண்டும் ஏறியது. முன்னைவிடக் குறைவுதான், ஆனால் ஏறியது.

உள்ளே சுத்தமாகிவிட்ட நிலையில் மிஞ்சியது காற்றோட்டம்தான். கிரில்லைக் கழற்றிப் பார்த்தபோது ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சர் பளிச்சென்று இருந்தது. வண்டி கழுவும்போதெல்லாம் தண்ணீர் அடித்திருக்கிறேன் அல்லவா. பின்பக்கம் ஃபேன் இடைவெளி வழியே டார்ச் அடித்தும் முன்பக்கம் வெளிச்சம் துளிகூட வரவில்லை. ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கலாம் என்பதால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் மேல் பிடிப்புகள் இரண்டையும் அவிழ்த்துப் பின்னால் சாய்த்தேன். கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலிருந்த இரண்டு விரல் இடைவெளியில் ஒரு கம்பளியே நெய்யப்பட்டிருந்தது. தூசி, புல் விதைகள், விட்டில் இறகுகள், யாருடையதென்று தெரியாத முடி என எல்லாம் ஒன்றாக இறுகி, கீழ்ப்பாதியில் விரல் தடிமனுக்கு இருந்த அதை ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பாய் சுருட்டுவது போல முழுதாக உரிந்து வந்தது. முன்னாலிருந்து நான் அடித்த தண்ணீர் இத்தனை ஆண்டுகளும் அழுக்கை உள்ளே தள்ளியிருக்கிறது.

ஆகவே இம்முறை எஞ்சின் பக்கமிருந்து முன்புறமாக, அழுத்தம் குறைந்த குழாய் நீரை மட்டும் விட்டேன். ரேடியேட்டர் குழாய்களுக்கு நடுவிலுள்ள ஃபின்கள் எனும் தகடுகள் தாள் அளவே தடிமன் உள்ளவை. உயர் அழுத்தத் தண்ணீர் பட்டால் மடிந்துபோகும். என் கட்டைவிரல் பட்டே ஏழெட்டு மடிந்தன, அவற்றைப் பிளாஸ்டிக் சீப்பால் நிமிர்த்த அரை மணி நேரம் ஆயிற்று.

முள் பழைய இடத்துக்குத் திரும்பியது. உற்சாகத்தில் பூச்சி புகாமலிருக்க பம்பர் திறப்பில் கொசுவலை போன்ற நெருக்கமான வலையைக் கட்டினேன். இரண்டே நாளில் ஏற்றத்தில் முள் அசையத் தொடங்கியது, அவிழ்த்து எறிந்தேன். இப்போது இருப்பது கல் மட்டும் நுழையாத அகலக் கண் வலை. பூச்சி வரத்தான் செய்யும். அதனால் மாதம் ஒருமுறை எஞ்சின் ஆறியபின் ஃபேன் பக்கமிருந்து டார்ச் அடிக்கிறேன். முன்னால் நிற்கும் மகன் தன் உள்ளங்கையைக் காட்டி, மங்கலாகவேனும் வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்துச் சொல்வான்.