பை 3.17-லேயே நின்றது, தட்டை விளிம்பு காட்டிக்கொடுத்தது

அட்டை வட்டத்தை எடைபோட்டே பை (π) மதிப்பைக் காணும் முயற்சி இது. நாலாவது வட்டத்தில் 3.143 வந்துவிட்டது! முதல் மூன்றும் 3.17-ஐ விட்டு அசையவே இல்லை.

முறை தெரிந்ததுதான். 20 செ.மீ. சதுர அட்டையை நிறுத்து, அதிலிருந்தே 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் வெட்டி மறுபடி நிறுக்க வேண்டும். வட்டத்தின் எடையை நாலால் பெருக்கிச் சதுரத்தின் எடையால் வகுத்தால் பை. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஐவரி போர்டு என்னும் கெட்டி அட்டை, 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு. சதுரம் 12.11 கிராமுக்கு வட்டம் 9.60, 12.16-க்கு 9.64, 12.13-க்கு 9.61. மூன்றிலும் அதே 3.17.

தராசைச் சந்தேகப்பட வழியில்லை. இரண்டு நிறுவையிலும் 0.01 தப்பினால்கூட பை 0.006-க்கு மேல் நகராது. கை நடுக்கம் என்றால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். ஒரே அளவு கூடுகிறது என்றால் கோளாறு வட்டம் வெட்டும் கருவியில்தான். ஆரம் இரண்டு தடவை பெருக்கப்படுவதால், 100 மி.மீ.-இல் அரை மி.மீ. கூடினாலே பரப்பு 1 சதவீதம் ஏறிவிடும்.

வெட்டிய வட்டத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது விஷயம் தெரிந்தது. நாலு பக்கமும் விளிம்பு சுமார் 2 செ.மீ. நீளத்துக்குத் தட்டையாக இருந்தது. கத்தி சதுரத்துக்கு வெளியே போயிருக்கிறது. காம்பஸ் கட்டரின் அளவுகோலில் 10 என்று வைத்தாலும் கத்தி முனை 10.05-இல்தான் விழுகிறது. இந்தத் தட்டை விளிம்பை நல்ல பூதக்கண்ணாடி என்றே சொல்லலாம்: ஆரம் 0.1 மி.மீ. கூடினாலே 9 மி.மீ. தட்டை விழும், 0.5 கூடினால் 20 மி.மீ. எந்த ஸ்கேலும் இவ்வளவு துல்லியமாகக் காட்டாது. எதிரெதிர்ப் பக்கங்களில் தட்டை சமமில்லை என்றால் மையம் தள்ளியிருக்கிறது. தட்டையே இல்லாமல் ஓரத்தில் மெல்லிய நார் போல அட்டை மிஞ்சினால் ஆரம் குறைவு. இதை நம்புவதற்கு முன் சதுரத்தின் இரண்டு மூலைவிட்டமும் 28.3 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கட்டரை 9.95-க்கு இறக்கி, அழுத்தாமல் ஐந்து சுற்றில் வெட்டியதும் 12.14-க்கு 9.54. விளிம்பைச் சுற்றிக் காகிதப் பட்டை வைத்து அளந்தால் 62.8 செ.மீ. வட்டத்தில் (அதாவது சுற்றளவில்) பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கும் நம் பழைய கணக்குப்படியும் 31.4 × 10 = 314 ச.செ.மீ. இந்தத் தராசுக்கு 22/7 தாராளம். உண்மையான பையோடு அதற்குள்ள வித்தியாசம் இந்த அட்டையில் 0.004 கிராம்தான்.

மையத்துளை அகலாமலிருக்க ஒட்டும் பேப்பர் டேப்பை நிறுக்கும் முன் மெதுவாக உரிக்க வேண்டும், அவசரப்பட்டால் அட்டையின் தோலும் சேர்ந்து வரும். அட்டை தராசின் மூடியில் உரசினால் எடை குறைத்துக் காட்டும். சின்னக் கிண்ணத்தை வைத்து பூஜ்யமாக்கி, அதன்மேல் அட்டையை வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அட்டை ஈரம் இழுக்கும், ஆகவே இரண்டு நிறுவைக்கும் நடுவில் நேரம் விடக்கூடாது.

அட்டைக்குப் புதுத்தாள் வாங்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் இடத்தில் கழிவாகவே கிடைக்கும். சென்னைக்காரர்களுக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெரு இருக்கிறது.

அடுத்தது நீள்வட்டம். 20 × 12 செவ்வகத்துக்குள் அதே நாலால் பெருக்கும் கணக்குதான், தட்டை விளிம்புச் சோதனையும் அப்படியே செல்லும். இரண்டு ஊசி குத்தி, அவற்றைச் சுற்றிய நூல் வளையத்தைப் பென்சிலால் இழுத்துப் பிடித்து வரைகிறேன்: ஊசிகளுக்கு நடுவே 16 செ.மீ., நூல் வளையம் 36 செ.மீ. தையல் நூல் இழுபட்டுக் கோடு வெளியே போகிறது, மெழுகு தடவிய நூலுக்கு மாற வேண்டும். அதற்குள் சைக்ளாய்டு மேல், அதாவது உருளும் வட்டத்தின் விளிம்பில் உள்ள ஒரு புள்ளி வரையும் வளைவின் மேல், ஆசை வந்துவிட்டது. கலிலியோ தகடு வெட்டி நிறுத்துப் பார்த்து, பரப்பு உருளும் வட்டத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்ட உருவம் அது. 5 செ.மீ. ஆர வட்டை உருட்டினால் அடி 31.4, உயரம் 10. வட்டு 2.36 கிராம், சைக்ளாய்டு 7.07 வர வேண்டும். வட்டு வழுக்காமல் உருள, ஸ்கேல் ஓரத்தில் உப்புத்தாள் ஒட்டியாயிற்று.