மல்லாட்டையும் மூன்று படங்களும்

2002ஆம் ஆண்டு, பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நேரம். பள்ளி விட்டதும் நானும் வகுப்புத் தோழர்கள் இருவரும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சைக்கிளை மிதித்து, கெடிலம் பாலத்தைத் தாண்டித் திருப்பாதிரிப்புலியூருக்குப் போய் ‘சொல்ல மறந்த கதை’ பார்த்தோம். தியேட்டரில் முப்பது பேர்கூட இல்லை. அந்த ஆண்டு பொங்கலுக்கு வந்த ‘அழகி’க்கு எங்கள் ஊரே திரண்டு போனது. அதே தங்கர் பச்சானின் அடுத்த படத்துக்கு இவ்வளவுதான் கூட்டம் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

இயக்குநர் சேரன் நாயகனாக நடித்த முதல் படம் அது. வேலை கிடைக்காத பட்டதாரி, வசதியான வீட்டில் பெண் எடுத்துவிட்டு மாமனாரிடம் படுகிற அவமானம்தான் கதை. என் அண்ணனும் அப்போது பட்டம் வாங்கிவிட்டு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டுக்கொண்டிருந்தார். நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி போகும் கடைசி பஸ்ஸில் ஏறிய நான் வீடு சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் தமிழ் ஐயாவுக்குச் செய்தி எட்டிவிட்டது. அடி விழும் என்று எழுந்து நின்றோம். ஐயா உட்காரச் சொன்னார். அந்தப் படம் நாஞ்சில் நாடன் 1977இல் எழுதிய ‘தலைகீழ் விகிதங்கள்’ நாவலிலிருந்து வந்தது என்றார். பிறகு ஜன்னல் பக்கம் கையை நீட்டி, “ஜெயகாந்தன் பிறந்தது இதே மஞ்சக்குப்பத்தில்தான், தெரியுமா?” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஜெயகாந்தனின் ‘ஊருக்கு நூறு பேர்’ கதையைப் பி. லெனின் படமாக்கியதையும், 2001ஆம் ஆண்டின் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்ததையும் அன்றுதான் கேள்விப்பட்டோம். லெனினின் தந்தை பீம்சிங்கும் ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளைப் படமாக்கியவர். அப்பாவுக்கும் மகனுக்கும் கதை கொடுத்தவர் நம் ஊர்க்காரர் என்று ஐயா சொன்னபோது அவர் குரல் மாறியது இன்னும் காதில் இருக்கிறது. தூக்குத் தண்டனையைக் கேள்வி கேட்கும் லெனினின் படத்தைக் கல்லூரிக் காலத்தில் ஒரு நண்பரின் குறுந்தட்டில்தான் பார்க்க முடிந்தது. தேசிய விருது பெற்ற படத்தை, அதன் கதாசிரியர் பிறந்த ஊர்ப் பையன் இரவல் வாங்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

சென்னையில் கல்லூரி சேர்ந்த முதல் வாரம், வேர்க்கடலையை ‘மல்லாட்டை’ என்று சொல்லிவிட்டேன். விடுதியே சிரித்தது. அதன் பிறகு எந்தச் சொல்லையும் வாய்க்குள்ளேயே ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

2007இல் தங்கர் பச்சானின் ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ வந்தபோது நான் சிங்கப்பூருக்கு வந்துவிட்டேன். அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். சத்யராஜின் மாதவப் படையாட்சி வாய் திறந்ததும் நிமிர்ந்துவிட்டேன். என் தாத்தா பேசிய பேச்சு அது. செம்மண், முந்திரித் தோப்பு, பலா மரம், எல்லாம் நான் நடந்த மண். பிள்ளைகளோடு மனம் கசந்து, மனைவியை அழைத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறும் அந்தப் பெரியவரைப் போல எங்கள் தெருவிலேயே இருவர் இருந்தார்கள். சத்யராஜ் நடித்ததிலேயே உயர்ந்தது இதுதான் என்பேன்.

படம் பார்க்கும்போது அம்மாவின் கைகள் நினைவுக்கு வந்தன. முந்திரிக்கொட்டை உடைக்க உட்காரும்முன் சாம்பலை அள்ளி உள்ளங்கையில் பூசிக்கொள்வார். அப்படியும் கொட்டையின் பால் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அந்தக் கையால்தான் பஸ் கட்டணச் சில்லறையை எண்ணி என் சட்டைப் பையில் போடுவார்.

அன்று இரவே அவருக்குத் தொலைபேசியில் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “நம் பக்கத்தில்தானே எடுத்தார்கள்? அந்தப் பலாத் தோப்பு யாருடையது என்று அடையாளம் தெரிந்ததா?” என்று கேட்டார்.