வெல்டிங் மெஷினைத் தவணைக்கு எடுக்கும் முன்

‘வட்டி வெறும் 12 சதவீதம்தான்’ என்று சொன்னால், ஃபிளாட் வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா என்று முதலில் கேளுங்கள். 60,000 ரூபாயை 12 மாதத்தில் அடைப்பதாக வைப்போம். ஃபிளாட்டில் மாதம் 5,600; மொத்த வட்டி 7,200. குறையும் அசலுக்கு மாதம் சுமார் 5,331. வட்டி 4,000-க்கும் குறைவு. நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்தாலும், ஃபிளாட் கணக்கில் கடைசி மாதம்வரை முழு 60,000-க்கும் வட்டி ஓடும். உண்மையில் அது 21 சதவீதத்தைத் தாண்டிய கடன்.

கையெழுத்துக்கு முன் கே.எஃப்.எஸ். தாளை, அதாவது கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாளை, வாங்கிப் படியுங்கள். 2024 அக்டோபர் முதல் வங்கியும் நிதி நிறுவனமும் அதைத் தந்தாக வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்ற எண்தான் முக்கியம்; கடனுக்கு ஆகும் மொத்தச் செலவை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று அது காட்டும். பிராசஸிங் கட்டணமும் அதில் அடக்கம்.

வட்டியே இல்லை என்று சொல்லும் ‘நோ காஸ்ட்’ தவணை என்றால் ரொக்க விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் போயிருக்கும். கேபிள், ஹோல்டர், ஹெல்மெட், ராடு செலவுக்குத் தனியாகக் காசு வையுங்கள். பலர் இதற்குத்தான் கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு, மினிமம் தொகை மட்டும் கட்டி மாட்டிக்கொள்கிறார்கள். மாதம் 2 நாள் மட்டும் தேவைப்படும் கான்கிரீட் உடைக்கும் டெமாலிஷன் ஹேமருக்குக் கடனே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.